செழித்த செடி, சிறுத்த கிழங்கு: கோத்தகிரி வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கு மண்ணைத் தயார் செய்வது

கோத்தகிரிக்குப் பக்கத்தில் வீட்டின் பின்புறம் மேலும் கீழுமாக இரண்டு பாத்திகள் இருப்பதாகவும், மேல் பாத்தியில் ஏப்ரலில் நட்ட உருளைக்கிழங்கு முழங்காலுக்கு மேல் வளர்ந்து தோண்டும் வரை கரும்பச்சையாக நின்றதாகவும், ஆகஸ்ட் கடைசியில் தோண்டியபோது நெல்லிக்காய் அளவுக் கிழங்குகளே பெரும்பாலும் கிடைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். நடுவதற்கு முந்தின வாரம் பச்சைச் சாணம் போட்டது, ஐம்பது நாளுக்குப் பிறகு இரண்டு முறை யூரியா தூவியது, வெந்நீர் அடுப்புச் சாம்பலை ஆண்டு முழுவதும் அந்தப் பாத்தியிலேயே கொட்டி வந்தது, சில கிழங்குகளின் தோல் சொரசொரப்பாக இருந்தது ஆகிய விவரங்களையும் தந்திருக்கிறீர்கள். எந்த உரத்தை எவ்வளவு போடுவது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுபோல் சுண்ணாம்பும் சாம்பலும் இன்னும் கூட்டிப் போடலாமா, அதே பாத்தியில் மறுபடி நடலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். இவற்றுக்கு அடியில் இருக்கும் கேள்வி, உங்கள் மண் இலைக்குக் கொடுத்ததைக் கிழங்குக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதுதான். அதற்கு விடை தெரிந்தால் மற்ற மூன்றுக்கும் வழி கிடைத்துவிடும்.

நான் தோட்டக்கலை படித்தவன். மலைக் காய்கறிப் பயிர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன். ஆனாலும் உங்கள் மண்ணின் பரிசோதனை முடிவு என் கையில் இல்லை. நீங்கள் சொன்ன அறிகுறிகளையும் நீலகிரி மண்ணின் பொதுவான குணத்தையும் வைத்தே எழுதுகிறேன். எந்த இடத்தில் உறுதியாகச் சொல்கிறேன், எந்த இடத்தில் அனுமானமாகச் சொல்கிறேன் என்பதை அந்தந்த இடத்திலேயே குறிப்பிடுகிறேன்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கு வேர் அன்று. மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடும் தண்டின் நுனி பருத்து உருவாவது. அந்த நுனி நீளுவதை நிறுத்திப் பருக்கத் தொடங்க வேண்டுமானால், செடி இலையில் சேர்த்த மாவுப்பொருளைக் கீழே அனுப்ப வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைத்துக்கொண்டே இருந்தால் செடி புதிய இலையும் கிளையும் விடுவதிலேயே அதைச் செலவழிக்கிறது. கிழங்கு பிடிப்பது தள்ளிப்போகிறது, பிடித்த கிழங்கும் பருக்காமல் நிற்கிறது. நட்ட முப்பதாவது நாளிலிருந்து ஐம்பதாவது நாள் வரை கிழங்கு பிடிக்கும் காலம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். பச்சைச் சாணம் மழையில் மெதுவாக மக்கித் தழைச்சத்தை வெளிவிட்டுக்கொண்டிருந்த அதே வேளையில், ஐம்பது நாளுக்குப் பிறகு நீங்கள் இட்ட யூரியாவும் சேர்ந்திருக்கிறது. கரும்பச்சை இலையும் சிறு கிழங்கும் ஒன்றாகத் தென்படுவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை. இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும் சமவெளியாக இருந்தால் வெப்பத்தையும் சந்தேகப்பட்டிருப்பேன். கோத்தகிரியில் அதற்கு இடமில்லை. இலைக்கருகல் வந்து செடி பாதியிலேயே மடிந்திருந்தாலும் கிழங்கு சிறுத்திருக்கும். தோண்டும் வரை இலை பச்சையாக நின்றது என்று நீங்களே சொல்வதால் அதையும் விலக்கிவிடலாம்.

இனி மண்ணுக்கு வருவோம். நீலகிரியின் செம்மண் பெரும்பாலும் அமில மண். ஆண்டாண்டாகப் பெய்யும் மழை சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து இறக்கிவிட, இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நிற்கின்றன. கார அமில நிலை, அதாவது பி.எச். அளவு, 4.5 முதல் 5.5 வரை இருப்பது இங்கே சாதாரணம் (7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடும்). இந்த மண்ணில் சூப்பர் பாஸ்பேட்டைப் பரவலாகத் தூவினால் அதிலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. செடிக்குப் போய்ச் சேர்வது கொஞ்சமே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மலைப் பகுதி உருளைக்கிழங்குக்குச் சொல்லும் அளவைப் பாருங்கள்: எக்டருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 240 கிலோ, சாம்பல் சத்து (பொட்டாசியம்) 120 கிலோ. தழைச்சத்தைப்போல் இரண்டு மடங்கு மணிச்சத்து சொல்லியிருப்பதைப் பார்த்து, செடி அவ்வளவு மணிச்சத்தை உண்ணும் என்று எண்ண வேண்டாம். உருளைக்கிழங்கு மண்ணிலிருந்து அதிகமாக எடுப்பது சாம்பல் சத்து, அடுத்தது தழைச்சத்து, மணிச்சத்து அவற்றைவிட மிகக் குறைவு. மண் பிடித்து வைத்துக்கொள்ளும் பங்கையும் ஈடுகட்டத்தான் அந்த 240 கிலோ.

இந்த அளவுகளை வீட்டுப் பாத்திக்கு மாற்றுவது எளிது. ஒரு எக்டர் என்பது பத்தாயிரம் சதுர மீட்டர். ஆகவே பத்துச் சதுர மீட்டர் பாத்திக்கு, அதாவது நூறு சதுர அடிக்குச் சற்று அதிகமான இடத்துக்கு, எக்டர் கணக்கில் கிலோ என்று இருப்பதைக் கிராம் என்று அப்படியே படித்துக்கொள்ளலாம். 120 கிராம் தழைச்சத்துக்கு யூரியா சுமார் 260 கிராம். 240 கிராம் மணிச்சத்துக்குச் சூப்பர் பாஸ்பேட் ஒன்றரைக் கிலோ. 120 கிராம் சாம்பல் சத்துக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் 200 கிராம். இத்துடன் மெக்னீசியம் சல்பேட் 60 கிராம், தொழு உரம் 15 கிலோ. யூரியாவில் பாதியை அடியுரமாகவும், மீதியை முப்பதாம் நாள், செடியின் அடியில் முதல் முறை மண் அணைக்கும்போதும் இடுவது வழக்கம். அதற்குப் பிறகு தழைச்சத்து வேண்டாம். நீங்கள் தொழு உரத்தைப் பல்கலைக்கழகம் சொல்வதைவிட இரண்டு மூன்று மடங்கு போடுவதாக இருந்தால், யூரியாவை அடியுரத்திலிருந்து எடுத்துவிட்டு, முப்பதாம் நாள் செடியின் நிறத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொடுப்பதே போதும். வீட்டுத் தோட்டத்தில் நான் விரும்புவது இந்த இரண்டாவது வழியைத்தான்.

ரசாயன உரமே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். நன்கு மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் அளவிலும், மணிச்சத்து கால் சதவீதம் அளவிலும், சாம்பல் சத்து அரை சதவீதம் அளவிலும் இருப்பதாகக் கொள்ளலாம். மாட்டின் தீனியையும் உரக்குழியைப் பராமரித்த விதத்தையும் பொறுத்து இது மாறும். பத்துச் சதுர மீட்டருக்கு 40 கிலோ போட்டால் தழைச்சத்து 200 கிராம் வருகிறது; முதல் பருவத்தில் அதில் ஒரு பகுதியே கிடைத்தாலும் உருளைக்கிழங்குக்கு அது ஓரளவு போதும். சாம்பல் சத்தும் 200 கிராம் வருகிறது. அதில் பெரும்பகுதி உடனே கிடைக்கும். மணிச்சத்து மட்டும் 100 கிராம்தான். அந்தக் குறையை எலும்புத்தூளோ பாறைப் பாஸ்பேட்டோ நிரப்பலாம். பாறைப் பாஸ்பேட் கரைவதற்கு அமிலம் வேண்டும். சமவெளியின் கார மண்ணில் கிட்டத்தட்ட மணலைப்போல் அப்படியே கிடக்கும் அந்தப் பொருள் உங்கள் மண்ணில் மெல்லக் கரைந்து பயன் தரும். அமில மண் நமக்குச் செய்யும் ஒரு நன்மை என்றே இதைச் சொல்லலாம். கரைவதற்குக் காலம் பிடிக்கும் என்பதால் நடுவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே மக்கு உரத்தோடு கலந்து இட வேண்டும்.

எதைப் போடுகிறோம் என்பதைப்போலவே எங்கே போடுகிறோம் என்பதும் இங்கே முக்கியம். மணிச்சத்து மண்ணில் நகர்ந்து போகாது; வேர்தான் அதைத் தேடி வர வேண்டும். அதனால் பாத்தி முழுக்கத் தூவாமல், நடும் சாலின் அடியில் சூப்பர் பாஸ்பேட்டை மக்கு உரத்தோடு பிசறிப் போட்டு, அதன்மேல் மூன்று விரல் கனத்துக்கு மண் தள்ளி, அந்த மண்ணின்மேல் விதைக்கிழங்கை முளைக்கண் மேல்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். மக்கு உரம் உடன் இருந்தால் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக்கொள்வது ஓரளவு குறையும். உரம் நேரடியாகக் கிழங்கில் படக் கூடாது. குறிப்பாகப் பொட்டாஷும் யூரியாவும் பட்டால் இளமுளை கருகும். பொட்டாஷில் மியூரியேட், சல்பேட் என்று இரண்டு வகை உண்டு. மியூரியேட்டில் உள்ள குளோரைடு கிழங்கின் மாவுத்தன்மையைச் சற்றுக் குறைக்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட செய்தி. வீட்டுக்குத் தேவைப்படும் சிறு அளவுக்குச் சல்பேட் வகையை வாங்குவது செலவு என்று பார்க்க வேண்டியதில்லை. அது 240 கிராம் போதும்.

இப்போது சுண்ணாம்பும் சாம்பலும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பி.எச். அளவு 5-க்கு மிகவும் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேரின் நுனியையே முடக்கும். அப்போது சுண்ணாம்பு இல்லாமல் முடியாது. ஆனால் உருளைக்கிழங்கு மற்ற காய்கறிகளைவிட அமிலத்தைத் தாங்கும் பயிர். 5-க்கும் 6-க்கும் இடையில் நன்றாகவே விளையும். 5.5-க்கு மேல் போகப் போக வேறொரு தொல்லை தலைதூக்குகிறது. கிழங்கின் தோலில் சொறிபோல் தடித்த வடுக்களை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரிக்கு அமிலம் குறைந்த மண் பிடிக்கும், 5.2-க்குக் கீழே அதன் வீரியம் வெகுவாகக் குறையும். விறகுச் சாம்பலில் சாம்பல் சத்து சில சதவீதம்தான். அதைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆகவே சாம்பலைக் கொட்டுவது என்பது, பெயர் எதுவானாலும், சுண்ணாம்பைக் கொட்டுவதுதான். வெந்நீர் அடுப்புச் சாம்பல் ஆண்டு முழுவதும் ஒரே பாத்தியில் விழுந்த இடத்தில் சொரசொரப்பான தோல் தென்படுவது எனக்கு வியப்பாக இல்லை. ஆனாலும் இதை அனுமானமாகவே சொல்கிறேன். கிழங்கின் தோல் தக்கைபோல் வெடித்து, நகத்தால் சுரண்டினால் பழுப்புத் தூளாக உதிர்ந்தால் அது சொறி. வெள்ளையாகச் சிறு புள்ளிகள் பொரிபோல் உப்பியிருந்தால் அது தண்ணீர் தேங்கியதற்கு அடையாளம். அங்கே குறை சாம்பலில் இல்லை, வடிகாலில் இருக்கிறது.

சாம்பலை வீணாக்கவும் வேண்டாம். மழை படாத டப்பாவில் சேர்த்து வைத்து, முட்டைக்கோஸ், பீட்ரூட், பீன்ஸ் போடும் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி என்ற அளவில் கொடுக்கலாம். யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் மட்டும் சாம்பலைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும், மூக்குக்கே அது தெரியும். சுண்ணாம்பு தேவைப்படும் மண்ணாக இருந்தால் டோலமைட் நல்லது. அதில் சுண்ணாம்புச் சத்தோடு நம் மலை மண்ணில் குறைவாக உள்ள மெக்னீசியமும் சேர்ந்து வரும். அதை உருளைக்கிழங்குக்கு முன்னால் போடாமல், உருளைக்கிழங்கு எடுத்த பிறகு வரும் முட்டைக்கோசுக்குப் போடுங்கள். முட்டைக்கோசுக்கு வரும் வேர் வீக்க நோய் அமில மண்ணில்தான் அதிகம் என்பதால் அந்தப் பயிருக்கு இது நேரடி நன்மை. மறுபடி உருளைக்கிழங்கு அந்தப் பாத்திக்குத் திரும்பும் மூன்றாம் நான்காம் ஆண்டுக்குள் மழை அந்த விளைவைத் தணித்திருக்கும். அதுவரை கொடுத்த சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் வீணாகியிருக்காது.

இதையெல்லாம் ஊகத்தில் செய்ய வேண்டியதில்லை என்பதால்தான் மண் பரிசோதனையை வற்புறுத்துகிறேன். மாவட்டத்தின் வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டால் மாதிரியை எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். சாம்பல் கொட்டிய மூலையையும் எருக்குழி ஓரத்தையும் விட்டுவிட்டு, பாத்தியில் ஐந்தாறு இடங்களில் மேல் குப்பையை விலக்கி, ஆங்கில எழுத்து வி வடிவத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, வெட்டிய சரிவின் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும். அதை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டுக் கொடுங்கள். மேல் பாத்திக்கும் கீழ்ப் பாத்திக்கும் தனித்தனி மாதிரி வேண்டும். சரிவில் மேலே உள்ளது கரைந்து கீழே சேர்வதால் இரண்டும் ஒன்றாக இராது. சாம்பல் கொட்டிய மூலையைத் தனியாகவும் பார்த்துக்கொண்டால் என் அனுமானம் சரியா என்பதும் தெரிந்துவிடும். முடிவில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால், நான் மேலே சொன்ன ஒன்றரைக் கிலோ சூப்பர் பாஸ்பேட்டை அப்படியே பின்பற்ற வேண்டாம். பல ஆண்டுகளாகக் காய்கறிக்கு உரம் இட்டு வந்த நிலங்களில் பிடிபட்ட மணிச்சத்து நிறையச் சேர்ந்திருக்கும். அங்கே பாதி போதும், சில வேளை அதுவும் தேவைப்படாது.

உரத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் விளைச்சலை அதிகம் மாற்றுவது மண்ணின் பொலபொலப்பு என்பதே என் அனுபவம். கிழங்கு பருக்கும்போது தன்னைச் சுற்றியுள்ள மண்ணைத் தள்ளி இடம் பிடிக்க வேண்டும். இறுகிய மண்ணில் அதற்காகவே செடி பாடுபடுகிறது, கிழங்கும் கோணலாகிறது. பாத்தியில் அரை முழம் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, கட்டைவிரலால் தட்டியதும் பொலபொலவென்று உடைந்தால் வேலை தொடங்கலாம். விரல் ரேகை பதிந்து, தட்டினாலும் அமுங்குமே தவிர உடையவில்லை என்றால் ஈரம் அதிகம். அப்போது மண்வெட்டி வைத்தால் நீங்களே மண்ணைக் கெட்டிப்படுத்துகிறீர்கள், அது காய்ந்தபின் ஓடுபோல் நிற்கும். மலையில் மழைக்கு நடுவே நல்ல நாள் பார்த்துக் கொத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு முறை முக்கால் அடி முதல் ஓரடி வரை ஆழமாகக் கொத்திக் கல்லைப் பொறுக்கிவிட்டு, அதன்பின் ஆண்டுதோறும் மேல்மண்ணில் மக்கு உரத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தால், மூன்று நான்கு ஆண்டுகளில் அந்தச் செம்மண் நிறத்திலேயே மாறியிருப்பதைக் காண்பீர்கள்.

மக்கு உரத்துக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை, பக்குவம்தான் வேண்டும். குளிரால் இங்கே எதுவும் மெதுவாகவே மக்கும்; சமவெளியில் மூன்று மாதத்தில் ஆவது இங்கே ஐந்து ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும். சில்வர் ஓக் இலை, சமையலறைக் கழிவு, வடித்த தேயிலைச் சக்கை, களைச்செடி, சாணம் எல்லாம் சேரலாம். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையை மட்டும் அப்படியே மண்ணில் புதைக்காதீர்கள். அதிலுள்ள எண்ணெயும் வேறு சில பொருள்களும் இளம் பயிரின் வளர்ச்சியைத் தடுக்கும். மற்றவற்றோடு கலந்து ஆறு மாதத்துக்கு மேல் மக்கவிட்டால் அந்தக் குணம் பெரிதும் குறையும். குவியலுக்கு மேல் ஒரு தார்ப்பாயோ பழைய தகரமோ போடுங்கள். திறந்து கிடக்கும் எருவிலிருந்து தழைச்சத்தும் சாம்பல் சத்தும் தென்மேற்குப் பருவ மழையிலேயே வழிந்தோடிவிடும். அடியில் கறுப்பாக ஓடும் தண்ணீர் பயிருக்குப் போக வேண்டிய உணவு. கையில் எடுத்தால் சாணத்தின் நாற்றம் போய் மண்வாசனை வருகிறது, உள்ளே சூடு இல்லை, இலை இன்னது என்று அடையாளம் தெரியவில்லை என்றால் அது பாத்திக்குப் போகலாம். பச்சைச் சாணத்தில் வெள்ளை வேர்ப்புழு தங்கும் என்பதும் அதைத் தவிர்க்க ஒரு காரணம். அந்தப் புழு கிழங்கைக் குடைந்துவிடும். காட்டுக்குள்ளிருந்து சோலை மண்ணை அள்ளி வந்து போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது; அதைச் செய்யாதீர்கள். உங்கள் பாத்திக்கு அதனால் வரும் நன்மை ஒரு பருவத்துக்குத்தான். காட்டுக்கு அந்த மண் மறுபடி சேர எத்தனையோ தலைமுறை ஆகும்.

மண் அணைப்பதையும் மண்வளத்தின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன். முப்பதாம் நாள் ஒரு முறையும், அறுபதாம் நாளுக்குள் இன்னொரு முறையும், செடியின் அடித்தண்டு மூடும்படி இரண்டு பக்கமும் மண்ணைத் தள்ள வேண்டும். கிழங்கு விதைக்கிழங்கின் மட்டத்திலும் அதற்கு மேலேயும்தான் பிடிக்கும். அணைத்த மண்தான் அதற்கு வீடு. வெயில் பட்ட கிழங்கு பச்சை நிறமாகிக் கசந்து, உண்ணத் தகாததாகிவிடும் என்பதாலும் இது அவசியம். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. என்பது வயலுக்குச் சொல்லப்படும் இடைவெளி. வீட்டில் வரிசைக்கு 60 செ.மீ. விட்டால் அணைக்கப் போதிய மண் கிடைக்கும். பார்களை, அதாவது மண் அணைத்த மேட்டு வரிசைகளை, சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். சரிவோடு போட்டால் ஒரு பெருமழையில் மேல்மண்ணும் உரமும் கீழே உள்ளவர் தோட்டத்துக்குப் போய்விடும். இரண்டாம் அணைப்புக்குப் பிறகு காய்ந்த புல்லை மூடாக்காகப் போட்டால் மழை பாரைக் கரைக்காது. மழை ஓய்ந்த நாள்களில் ஈரமும் காக்கும். கிழங்கு பிடிக்கும் காலத்தில் மண் காய்ந்தால் சொறி கூடும் என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அவற்றைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பச்சைச் சாணம் சொறி நோயைக் கூட்டும் என்பது பழைய அறிவுரை; ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. அதைத் தவிர்க்க வேறு காரணங்கள் போதுமானவையாக இருப்பதால் இந்த ஒன்றை வைத்து வாதாட வேண்டியதில்லை. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்களைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. மக்கு உரத்தில் கலந்து போடுவதில் கெடுதல் ஒன்றும் இல்லை. குளிர்ந்த அமில மண்ணில் அவற்றின் பலன் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்பதால் அவற்றை நம்பி மணிச்சத்தைக் குறைக்க மாட்டேன். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் ஆகியவற்றால் இலை பளபளப்பாகிறது என்று பலர் சொல்வதை மறுக்கவில்லை. நூறு சதுர அடிக்கு ஊற்றும் அந்தக் கரைசலில் உள்ள சத்தின் அளவு மிகச் சிறியது என்பதும் உண்மை. அடியுரத்துக்கு ஈடாக அதைக் கருதக் கூடாது. மெக்னீசியம் சல்பேட் இங்கே தேவைப்படுவது மண் குணத்தால். அடியிலைகளில் நரம்பு பச்சையாக இருக்க நடுப்பகுதி மஞ்சளானால் அதன் குறை என்று கொள்ளலாம். எல்லா ஊரிலும் எல்லாச் செடிக்கும் அதைத் தெளிக்கச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. வாழைப்பழத் தோல், முட்டை ஓடு முதலியவை மக்குக் குவியலுக்குப் போகட்டும். முட்டை ஓடும் ஒரு வகைச் சுண்ணாம்பு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமவெளியில் இருந்து இதைப் படிப்பவர்கள் இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கோவை, திருச்சி போன்ற இடங்களில் பல மண்கள் காரத்தன்மை உள்ளவை. அங்கே பாறைப் பாஸ்பேட்டும் சாம்பலும் டோலமைட்டும் உதவாது, அக்டோபர் நவம்பரில் நட்டுக் குளிர்காலத்துக்குள் விளைவிப்பதே பெரிய சவால்.

உங்கள் கடைசிக் கேள்வி, அதே பாத்தியில் மறுபடி நடலாமா என்பது. வேண்டாம். சாம்பலும் மிஞ்சிய தழைச்சத்தும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு என்ற நுண்புழு. இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1961-இல், உங்கள் மாவட்டத்திலேயே, உதகமண்டலம் பகுதியில். நீலகிரி விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை விதிக்கப்பட்டது அதனால்தான். கூட்டுக்குள் இருக்கும் முட்டைகள் பயிரே இல்லாமல் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆண்டுதோறும் உருளைக்கிழங்கு வைத்தால் பெருகிக்கொண்டே போகும். மேல் பாத்தியில் இந்த முறை பீன்ஸ் அல்லது பட்டாணி, அடுத்து முட்டைக்கோஸ் (பரிசோதனையில் சுண்ணாம்பு தேவை என்று வந்தால் டோலமைட்டோடு), அதற்கடுத்து கேரட் என்று சுற்றிவிட்டு நான்காம் ஆண்டில் உருளைக்கிழங்குக்குத் திரும்புங்கள். இடையில் தக்காளியும் கத்தரியும் வேண்டாம். அவையும் அதே குடும்பம், அந்தப் புழு அவற்றிலும் வளரும். வரும் பருவத்துக்குக் கீழ்ப் பாத்தியை இப்போதிருந்தே தயார் செய்யுங்கள். வேப்பம் புண்ணாக்கு சதுர மீட்டருக்கு நூறு கிராம் அளவில் மக்கு உரத்தோடு சேர்த்தால் நூற்புழுவை ஓரளவு அடக்கும், ஒழித்துவிடாது. அதில் தழைச்சத்து ஐந்து சதவீதம் வரை உண்டு என்பதால், அதைப் போட்டால் யூரியாவை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நட்ட இரண்டு மாதம் போல ஒரு செடியை மெதுவாகக் கிளப்பி, வேரைத் தண்ணீரில் அலசாமல் மண்ணை மட்டும் உதிர்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ மணிகள் வேரில் ஒட்டியிருந்தால் நூற்புழு இருக்கிறது. அப்படி இருந்தால் அந்தப் பாத்தி மண்ணும் மண்வெட்டியில் ஒட்டியதும் மற்றப் பாத்திக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த விதைக்கு, எதிர்ப்புத்திறன் கொண்ட குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகம் கிடைக்குமா என்று உதகமண்டலம் அருகே முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலோ தோட்டக்கலைத் துறையிலோ கேளுங்கள். மண் பரிசோதனை முடிவு வந்ததும் பி.எச்., மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகிய மூன்று எண்களை இங்கே எழுதினால், கீழ்ப் பாத்திக்கு எதை எவ்வளவு குறைக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.